திருகோணமலைக்கு எங்கே இறங்குவது?

கொடைக்கானல் ஏரிக்கரையில் நான்கு நாள் தங்கப் போகும் குடும்பம் சென்னையில் விமானம் ஏறினால் மதுரையில் இறங்கும். ஊட்டிக்குப் போகிறவர்கள் கோயம்புத்தூரில் இறங்குவார்கள். இதற்காக எவரும் தலையைப் போட்டு உடைத்துக்கொள்வதில்லை. மலையடிவாரத்துக்கு எந்த விமான நிலையம் கிட்டவோ அதுதான் வாசல். மிச்சமுள்ள நூறு கிலோமீற்றரைக் காரோ பஸ்ஸோ பார்த்துக்கொள்ளும். திருகோணமலைக்குப் போக நினைப்பவருக்கு மட்டும் இந்தக் கணக்குச் சரிவருவதில்லை. மலையும் நீரும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கிடக்கும் ஊர் அது. உட்துறைமுகத்தைச் சுற்றிப் பச்சைக் குன்றுகள் நிற்கின்றன. உவர்மலை உயரத்தில் நின்று பார்க்கிற கண்ணுக்கு அது கடல் என்று தோன்றாது. மலைகளுக்கு நடுவே தேங்கி நிற்கும் பேரேரி என்றுதான் தோன்றும். அந்த நீரின் மேற்குக் கரையில், சீனக்குடாவில், ஏறத்தாழ 2,400 மீற்றர் நீளமான ஓடுபாதை ஒன்று இருக்கிறது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வருகிற பயணி அங்கே இறங்க முடியாது. தென்மேற்கே 240 கிலோமீற்றருக்கு அப்பால், கொழும்புக்கு அருகே கட்டுநாயக்கவில் இறங்கி, அரை நாளை வீதியில் கழித்து, அந்த ஓடுபாதையைத் தாண்டித்தான் ஊருக்குள் நுழைகிறார். எந்த விமான நிலையத்தில் இறங்குவது என்பதைப் பயணியின் சொந்த வசதி என்று பலரும் நினைக்கிறார்கள். திருகோணமலையைப் பொறுத்தவரை, அந்த ஊருக்குப் பயணத்தில் எத்தனை நாள் கிடைக்கும், எவ்வளவு வருமானம் கிடைக்கும் என்பதையே அந்தத் தெரிவுதான் முடிவு செய்கிறது. ஆகவே கட்டுநாயக்க என்று பழக்கத்தில் சொல்லிவிடாமல் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும் என்பதும், சீனக்குடாவின் கதவை அரசு திறக்க வேண்டும் என்பதும் என் வாதம்.

முதலில் கணக்கு. பயணச்சீட்டு வாங்குகிறபோது நாம் இரண்டு எண்களைத்தான் பார்க்கிறோம்: கட்டணம், பறக்கும் நேரம். சென்னையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஒன்றே கால், ஒன்றரை மணி நேரம். கையடக்கமான பயணம்தான். ஆனால் சுற்றுலாவின் நேரத்தை வீட்டு வாசற்படியிலிருந்து தங்குமிடத்து வாசற்படிவரை எண்ண வேண்டும். சென்னை விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். இறங்கிய பிறகு குடிவரவு வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பு, காசு மாற்றல், வான் பேசுதல் என்று ஒன்றரை மணி நேரம் போய்விடும். பிறகு குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக ஏறத்தாழ 240 கிலோமீற்றர். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நிறுத்தாமல் போனாலே ஐந்து மணி நேரத்துக்கு மேல். 2022 ஜனவரியில் மத்திய அதிவேகப் பாதையின் மீரிகம–குருநாகல் பகுதி திறக்கப்பட்டபோது தெற்கே கொஞ்ச நேரம் மிச்சமானது உண்மை. குருநாகலுக்கு வடக்கே பழைய வீதிதான். ஒன்றரை மணிப் பறப்புக்கு மொத்தம் பத்துப் பதினொரு மணி நேரம். குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு விடுமுறையின் முதல் நாளும் கடைசி நாளும் இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கட்டுநாயக்கவில் மாலையோ இரவோ வந்து இறங்கும் விமானங்கள் நிறைய. இறங்கிய கையோடு புறப்பட்டால் ஹபரணையைத் தாண்டும்போது நள்ளிரவாகிவிடும். அந்த நேரத்தில் அது யானைகளின் வீதி. மின்னேரியா, கவுடுல்ல, ஹுருளு காடுகளுக்கு இடையே யானைகள் இரவில் வீதியையும் தண்டவாளத்தையும் கடக்கின்றன. 2025 பெப்ரவரி 20ஆம் திகதி ஹபரணைக்குப் பக்கத்தில் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போன ரயில் மோதி ஆறு யானைகள் செத்தன. இருட்டில் அந்த வழியே வாடகை வானை விரட்டச் சொல்லிக் கேட்பது சாரதிக்கும் ஆபத்து, குடும்பத்துக்கும் ஆபத்து, அந்த உயிர்களுக்கும் ஆபத்து. ஆகவே இரவு விமானத்தில் வருகிறவர் நீர்கொழும்பில் ஓர் அறை எடுக்கிறார். அந்தச் செலவை எவரும் விமானக் கட்டணத்தோடு கூட்டிப் பார்ப்பதில்லை. கூட்டிப் பார்த்தால், மலிவு என்று எடுத்த பயணச்சீட்டு மலிவாக இராது.

கட்டுநாயக்க வழியாக நுழைவதன் பெரிய விளைவு நேரத்திலும் பணத்திலும் இல்லை, பயணத்தின் வடிவத்தில் இருக்கிறது. மேற்கில் இறங்குகிறவரின் வழியில் முதலில் தம்புள்ளைக் குகை வருகிறது, அடுத்து சிகிரியா, கொஞ்சம் விலகினால் கண்டி, இன்னும் ஏறினால் நுவரெலியாவும் கிரகரி ஏரியும். எல்லாமே பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் ஏழு நாள் பயணத்தில் நான்கு நாளை அவை எடுத்துக்கொண்டபின், கிழக்குக் கரைக்கு மிஞ்சுவது இரண்டு இரவு. வந்த மறுநாள் காலையில் கோணேசர் கோயில், மதியம் நிலாவெளிக் கடல், அதற்கு அடுத்த நாள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைக் காணாமலே திரும்புகிறவர்கள் எத்தனையோ பேர். தம்பலகாமத்து வயல்வெளி, கிண்ணியாவின் மீன் சந்தை, மூதூர்க் கரை இவையெல்லாம் அவர்களுடைய பட்டியலிலேயே இல்லை. கடைசியாக வருகிற ஊருக்குக் கடைசிக் காசுதான் கிடைக்கும். தங்குமிடக்காரர், படகோட்டி, ஆட்டோக்காரர், மீன்கறி சமைத்து விற்கும் வீட்டுப் பெண் ஆகிய எல்லோருடைய வருமானமும், பயணி முதலில் எங்கே கால் வைத்தார் என்பதைப் பொறுத்தே இருக்கிறது. கண்டியையும் சிகிரியாவையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வாசல் ஒரு பக்கம் இருந்தால் வீட்டின் மறுபக்க அறைக்கு வெளிச்சம் குறையும்.

இரண்டாவது வாசல் பலாலி. தமிழ்நாட்டுப் பயணிகள் இதை இன்னும் யாழ்ப்பாணத்துக்கு மட்டுமான வாசல் என்று நினைக்கிறார்கள். இந்த நிலையத்தின் வரலாறு அதைவிடப் பெரியது. எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் பறப்பே 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் போனதுதான். அன்றைக்குக் காங்கேசன்துறை என்று சொன்னது இன்றைய பலாலி ஓடுபாதையை. இலங்கைக்குச் சுதந்திரம் வருவதற்கு முன்பே வடக்கும் சென்னையும் வான்வழியில் இணைந்திருந்தன. போர் அந்த வழியை அறுத்தது. 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் அது மறுபடி திறக்கப்பட்டது. கொரோனாவில் 2020 மார்ச்சில் சேவை நின்றது. 2022 டிசம்பர் 12ஆம் திகதி எலையன்ஸ் எயார் மீண்டும் சென்னையிலிருந்து பறந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ சேர்ந்துகொண்டது. 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் ஒரு சேவை தொடங்கியது. எல்லாமே ஏ.டி.ஆர். 72 ரக விமானங்கள், எழுபது எண்பது பேர் உட்காரலாம்.

இனி வரைபடத்தைப் பாருங்கள். பலாலியிலிருந்து ஏ9 வீதியில் வவுனியாவரை இறங்கி, அங்கிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்குத் திரும்பினால் ஏறத்தாழ 240, 250 கிலோமீற்றர். கட்டுநாயக்கவிலிருந்து வருகிற தொலைவும் அவ்வளவுதான். இரண்டும் சமம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. யாழ்ப்பாணம் என்றால் தீவின் மறுகோடி என்று மனதில் பதிந்துவிட்டது. தொலைவு ஒன்றானாலும் வீதியின் குணம் ஒன்றல்ல. கட்டுநாயக்கவைச் சுற்றியுள்ள நெரிசல் ஏ9இல் கிடையாது. ஆனையிறவில் உப்பளத்தையும் களப்பையும் பார்த்துக்கொண்டு போகலாம். ஹொரவப்பொத்தானைக்கு அப்பால் முதலிக்குளம், பன்குளம் என்று ஊர்கள் வந்து, கடைசியில் கன்னியாவே வழியில் வந்துவிடுகிறது. கிணற்றுக்குக் கிணறு சூடு மாறும் அந்த வெந்நீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, பயணக் களைப்போடு சேர்த்து உடம்பு நோவையும் கழுவிவிட்டு ஊருக்குள் போகலாம். கடல் வழியை விரும்புகிறவர்களுக்கு நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலும் இருக்கிறது. 2023 ஒக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. அதில் வந்தாலும் இதே வீதிதான்.

பலாலியின் குறைகளை மறைக்கக் கூடாது. சேவைகள் குறைவு. ஒரு பறப்பு ரத்தானால் அடுத்ததற்குக் காத்திருக்க நேரலாம். சிறு விமானம் என்பதால் பெட்டியின் எடையைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வருகிறவருக்குச் சென்னையில் இறங்கி மாறுவது இன்னொரு நாட்டின் விசாவையும் இன்னொரு காத்திருப்பையும் கூட்டும். அவர்களுக்குக் கட்டுநாயக்கவே இன்றைக்கும் சரியான வாசல். அட்டவணையும் பருவத்துக்குப் பருவம் மாறும். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், திருச்சியிலோ சென்னையிலோ தஞ்சாவூரிலோ இருக்கும் ஒரு குடும்பம் கட்டுநாயக்கவை மட்டுமே எண்ணுவதற்குக் காரணம் எதுவும் இல்லை. பழக்கம் ஒன்றுதான்.

இறங்கிய இடத்திலேயே திரும்பவும் ஏற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதை விளக்க, சிவன் தலங்களான ஈச்சரங்களை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடையாது. கீரிமலை நகுலேச்சரம் பலாலியிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். அங்கே நீராடிவிட்டுத் தெற்கே வந்து மன்னாருக்குத் திரும்பினால் திருக்கேதீச்சரம். வவுனியா வழியாகக் கிழக்கே போனால் திருகோணமலையின் கோணேச்சரம். ஞானசம்பந்தர் பாடிய இரண்டு ஈழத்துத் தலங்களும் இவைதான். கடைசியில் மேற்குக் கரைக்கு வந்தால் சிலாபத்தில் முன்னேச்சரம். அங்கிருந்து தெற்கே கொஞ்ச நேரப் பயணத்தில் கட்டுநாயக்க. பலாலியில் இறங்கி, கட்டுநாயக்கவில் ஏறினால், ஒரு வீதியைக்கூட இரண்டாம் முறை மிதிக்காமல் நான்கு ஈச்சரங்களையும் தரிசித்துவிடலாம். முக்கியமாக, இந்தச் சுற்றில் திருகோணமலை நடுவில் வருகிறது. நடுவில் வருகிற ஊரில் மூன்று இரவு தங்குவார்கள். வடக்கில் இறங்குவதால் கிழக்குக்குக் கிடைக்கும் நன்மை இது. யாழ்ப்பாணத்துக்கும் நன்மை, மன்னாருக்கும் நன்மை.

பருவமும் இதே பக்கம் சாய்கிறது. வடகீழ்ப் பருவமழை நவம்பர் தொடங்கித் தை மாதம்வரை கிழக்குக் கரையை நனைக்கும். கடல் கொந்தளிக்கும், படகுகள் கரையேறும். பங்குனிக்குப் பிறகு கடல் படுத்துவிடும். சித்திரை முதல் புரட்டாதிவரை நிலாவெளியும் உப்புவெளியும் கண்ணாடிபோலக் கிடக்கும். புறாமலைத் தீவைச் சுற்றியுள்ள பவளப் பாறைகளை முகமூடி போட்டுக்கொண்டு பார்க்க அதுதான் காலம். திமிங்கிலங்கள் கரைக்குக் கிட்ட வருவதும் இந்த மாதங்களில்தான். வைகாசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கொழும்பும் மலைநாடும் நனையும். கிழக்கு காய்ந்து கிடக்கும். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறையும் சித்திரை, வைகாசியில்தான். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் அந்த நாட்களில் வண்டி நகர இடமில்லை. மலைச்சாலை நெரிசலுக்காக நீதிமன்றமே இ-பாஸ் கேட்க வேண்டி வந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதிக்கு, கடலுக்கு அப்பால், அதே மொழி பேசுகிற, அதே சோறு சாப்பிடுகிற ஊர் திறந்து கிடக்கிறது. அங்கே எப்படிப் போவது என்பதுதான் தெரியவில்லை.

மற்ற இரண்டு விமான நிலையங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மத்தள, இலங்கைத் தீவின் தென்கோடியில் இருக்கிறது. திருகோணமலைக்குப் போகிறவர் அதை எண்ணவே வேண்டாம். மட்டக்களப்பில் சிறிய விமான நிலையம் உண்டு. கிண்ணியாவில் 396 மீற்றர் நீளப் பாலம் 2009இல் திறக்கப்பட்டு, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கரையோரத்தின் மற்றப் பாலங்களும் முடிந்தபின், மட்டக்களப்பிலிருந்து வெருகல், மூதூர் வழியாகத் திருகோணமலை ஏறத்தாழ 135 கிலோமீற்றர்தான். முன்பு படகுப் பாதைகளுக்குக் காத்துக் காத்து ஏறிய வழி அது. ஆனால் வெளிநாட்டுச் சேவை இல்லாத நிலையத்தை வாசல் என்று எப்படிச் சொல்வது?

இனி சீனக்குடாவுக்கு வருவோம். கொழும்பு வீதியில் தம்பலகாமத்தைத் தாண்டி வருகிற பயணிக்கு வலப்பக்கம் அது. ஒரே பார்வையில் இத்தனை இருக்கும் இடம் இலங்கையில் வேறு உண்டா தெரியவில்லை: ரயில் நிலையம், அதற்கு அருகே விமானப்படையின் ஓடுபாதை, எதிரே துறைமுக நீர், அதன் கரையில் ப்றிமா மாவு ஆலையின் உயரமான கட்டடங்கள், காட்டுக்குள் வரிசை வரிசையாக பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது அவற்றை எதிர்க்க ஹரிக்கேன் விமானங்கள் எழும்பியது இந்த ஓடுபாதையிலிருந்துதான். 1957இல் பிரித்தானியர் திருகோணமலைத் தளத்தையும் கட்டுநாயக்கத் தளத்தையும் ஒரே காலத்தில் இலங்கையிடம் கொடுத்தார்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டும் போர்க்காலத்து விமானத்தளங்கள், ஒரே ஆண்டில் கைமாறியவை. ஒன்று நாட்டின் பெரும் வாசல் ஆனது. மற்றது விமானப்படைக் கல்லூரியின் பயிற்சிக் களமாக நின்றுவிட்டது. உள்நாட்டுச் சிறு விமானங்கள் அங்கே இறங்காமல் இல்லை. கட்டுநாயக்கவிலிருந்து சின்னமன் எயார் செஸ்னா ரக விமானங்களை ஓட்டியிருக்கிறது. ஒரு டசின் பேர்கூட ஏற முடியாத விமானம் அது. அதன் கட்டணமும் சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுபடியாகாது.

வான்வழித் தொலைவு என்ன சொல்கிறது? சென்னையிலிருந்து கட்டுநாயக்க நேர்க்கோட்டில் ஏறத்தாழ 650 கிலோமீற்றர். சென்னையிலிருந்து சீனக்குடா ஏறத்தாழ 500தான். திருச்சியிலிருந்து 370க்குள் அடங்கிவிடும். சென்னையிலிருந்து மதுரைக்குப் பறப்பதைவிடக் குறைவு. பலாலிக்கு வரும் அதே ஏ.டி.ஆர். விமானம் திருச்சியில் எழும்பினால், பாக்கு நீரிணையையும் வன்னிக் காட்டையும் தாண்டி ஒன்றே கால் மணி நேரத்தில் சீனக்குடாவில் இறங்கிவிடலாம். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் ஊர் சில கிலோமீற்றர். பத்து மணி நேரப் பயணம் ஐந்தாகிவிடும். இது கற்பனைத் திட்டமும் இல்லை. 2023 ஜூலை 21ஆம் திகதி புது தில்லியில் இரு நாடுகளும் வெளியிட்ட கூட்டு ஆவணத்தில், சென்னைக்கும் திருகோணமலைக்கும் இடையே விமானத் தொடர்பை ஆராய்வது என்று எழுதப்பட்டிருக்கிறது. அதே ஆவணம் பேசிய எரிசக்தி மையத்துக்கு 2025 ஏப்ரலில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டுவிட்டன. எண்ணெய்க்கு வழி பார்த்தவர்கள் மனிதருக்கு வழி பார்ப்பதில் ஏன் இவ்வளவு தாமதிக்கிறார்கள்?

படைத்தளத்துக்குள் வெளியாரை எப்படி விடுவது என்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கடற்படைத் தளமும் எண்ணெய்த் தாங்கிகளும் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் விடை இந்த நாட்டிலேயே இரண்டு இடங்களில் இருக்கிறது. கட்டுநாயக்கவில் விமானப்படைத் தளமும் பயணிகள் நிலையமும் ஒரே ஓடுபாதையைப் பகிர்கின்றன. பலாலி, போரின் உச்சக் காலம் முழுதும் உயர்பாதுகாப்பு வலயமாக இருந்த இடம். இன்று அதன் ஒரு மூலையில் சுங்கமும் குடிவரவும் நடக்கின்றன. அயலில் பார்த்தால், துறைமுகமும் கடற்படைக் கட்டளையகமும் கப்பல் கட்டும் தளமும் ஒருசேர இருக்கும் விசாகப்பட்டினத்தில் பயணிகள் இறங்கியது கடற்படையின் ஓடுபாதையில்தான். கோவாவின் டபோலிமும் அப்படியே. அங்கே கடற்படைப் பயிற்சிக்கு வார நாட்களின் காலை நேரத்தை ஒதுக்கிவிட்டு, மிச்ச நேரத்தில் உலகத்துச் சுற்றுலாப் பயணிகளையெல்லாம் இறக்கினார்கள். சீனக்குடாவிலும் பயிற்சிக் கல்லூரிதான் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று பறப்புகளுக்கு ஒரு பிற்பகல் நேரத்தை ஒதுக்குவதால் எந்தப் பாதுகாப்பும் குலையாது.

மத்தளவைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். 2013 மார்ச்சில் 20 கோடி டொலருக்கு மேல் செலவழித்து, பெரும்பகுதி சீனக் கடனில், காட்டுக்கும் வயலுக்கும் நடுவே புதிதாகக் கட்டித் திறந்த நிலையம் அது. விமான நிறுவனங்கள் வந்தன, பயணிகள் இல்லாமல் திரும்பிப் போயின. உலகிலேயே ஆளில்லாத சர்வதேச விமான நிலையம் என்ற பெயர்தான் மிஞ்சியது. அந்தக் கடனை நாம் எல்லோரும் சேர்ந்து கட்டுகிறோம். ஆகவே இந்த அச்சம் நியாயமானது. ஆனால் மத்தளவில் நடந்த தவறு, பயணி வருவாரா என்று பார்க்காமல் ஓடுபாதைக்கும் பெரிய கட்டடத்துக்கும் கொட்டியது. சீனக்குடாவில் ஓடுபாதை ஏற்கெனவே கிடக்கிறது. பெரிய ஜெட் விமானத்தைக் கனவு காண வேண்டியதில்லை. ஏ.டி.ஆர். ஒன்றில் வருகிற எழுபது பேருக்கு ஒரு மண்டபம், குடிவரவு மேசை, சுங்க மேசை, தீயணைப்பு வண்டி, இவ்வளவும் போதும். பலாலியைச் சின்னதாகத் திறந்து, பயணிகள் வருவதைப் பார்த்துத்தான் மேலும் கட்டத் திட்டமிட்டார்கள். அந்த வழியே இங்கேயும் சரி. மழைக் காலத்தில் ஆள் வரமாட்டார்கள் என்றால், பங்குனியில் தொடங்கிப் புரட்டாதியில் நிறுத்துங்கள். பருவச் சேவை உலகெங்கும் கடற்கரை ஊர்களில் நடக்கிறதுதான்.

பலாலிக்குப் பயணிகள் குறைந்துவிடுவார்களே என்று யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குரல் எழலாம். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். பாடுபட்டுப் பெற்ற வாசல் அது. ஆனால் யாழ்ப்பாணத்துக்கு வருகிறவர் உறவைப் பார்க்கவும், திருமணத்துக்கும், நல்லூர்த் திருவிழாவுக்கும் வருகிறார்; சீனக்குடா திறந்ததால் அவர் வழி மாறப்போவதில்லை. சுற்றுலாவுக்கு வருகிறவருக்கோ ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறும் வசதி கிடைக்கும். நான்கு ஈச்சரம் பார்க்க ஒரு வாரம் இல்லாதவர், நகுலேச்சரத்தில் தொடங்கிக் கோணேச்சரத்தில் முடித்துவிட்டு அங்கிருந்தே வீடு திரும்புவார். இரண்டு வாசல்களும் ஒன்றுக்கொன்று ஆள் பிடித்துக் கொடுக்கும்.

என்னை உண்மையாகவே தயங்க வைப்பது காணிப் பிரச்சினைதான். இந்த மாவட்டத்தில் அபிவிருத்தி என்ற சொல்லைக் கேட்டதும் மக்கள் தங்கள் உறுதிப் பத்திரத்தைத் தேடுகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் தங்கள் காணிக்குத் திரும்ப ஏறத்தாழ பத்தாண்டு காத்திருந்தார்கள். பலாலி ஓடுபாதையைச் சுற்றி வலிகாமம் வடக்கில் 1990இல் வெளியேறியவர்களில் எத்தனையோ குடும்பங்களுக்குக் காணி இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. விமான நிலையம் வேண்டும் என்று எழுதுகிற எவரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது. ஆகவே என் வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு: இருக்கிற வேலிக்குள்ளேயே திறக்க வேண்டும். வேலிக்கு வெளியே ஒரு பரப்புக் காணிகூட எடுக்கக் கூடாது. பிராந்திய அளவுச் சிறு விமானத்துக்கு இருக்கிற ஓடுபாதையே தாராளம். நீட்ட வேண்டிய தேவையே இல்லை. ஓடுபாதையை நீட்டித்தான் ஆக வேண்டும் என்று நாளைக்கு எவராவது ஒரு பெரிய திட்டத்தோடு வந்தால், முதலில் எதிர்க்க வேண்டியவர்கள் இதைக் கேட்கும் நாம்தான்.

விமானத்துக்குப் பதிலாக வீதியையும் ரயிலையும் செப்பனிடுங்கள் என்கிறார்கள். செப்பனிடத்தான் வேண்டும். கொழும்பு இரவு ரயில் மாகோ, கல்ஓயா வழியாக எட்டு மணி நேரம் ஊர்ந்து வருவது ஊர் மக்களுக்கே பெரும் பாடு. ஆனால் ஒற்றை வழியை நம்பியிருக்கும் ஊரின் கதி என்ன என்பதை 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் காட்டியது. மண்சரிவிலும் வெள்ளத்திலும் வீதிகளும் தண்டவாளங்களும் துண்டு துண்டாயின. அப்படிப்பட்ட நாட்களில் நோயாளிக்கும் மருந்துக்கும் மிஞ்சுவது வான்வழிதான். வழமையாகப் பயணி விமானங்கள் வந்து போகிற ஓடுபாதையில் ஆளும் விளக்கும் தீயணைப்பும் எப்போதும் தயாராக இருக்கும்.

அந்தக் கதவு திறக்கும்வரை வாசகர் செய்யக்கூடியது இது. தமிழ்நாட்டிலிருந்து போகிறவரானால், பயணச்சீட்டு எடுக்குமுன் பலாலியின் அட்டவணையை ஒரு தடவை பாருங்கள். போவதற்குப் பலாலி, திரும்புவதற்குக் கட்டுநாயக்க என்று எடுங்கள். கட்டுநாயக்கவில்தான் இறங்க வேண்டும் என்றால் காலையில் இறங்கும் விமானத்தைத் தேடுங்கள். ஹபரணையைப் பொழுதோடு கடந்துவிடுங்கள். புலம்பெயர்ந்த ஊர்களிலிருந்து வருகிறவர்கள் திருகோணமலையைப் பயணத்தின் வாலில் வைக்காமல் முதலில் போய் இறங்குங்கள், மலைநாட்டைத் திரும்பும் வழியில் பாருங்கள். எங்கே முன்பதிவு செய்தாலும், திருகோணமலைக்கு நேரடிச் சேவை எப்போது என்று ஒரு வரி கேட்டு எழுதுங்கள். கேட்கிறவர்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் விமான நிறுவனங்கள் வழி திறக்கின்றன. கொழும்பிலும் தில்லியிலும் இருப்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: புதிய ஆய்வும் புதிய அடிக்கல்லும் வேண்டாம். அடுத்த பங்குனி உத்திரத்துக்குள், திருச்சியிலிருந்து சீனக்குடாவுக்கு வாரம் இரண்டு பறப்புக்கு அனுமதி கொடுங்கள்.